ஆமை வீட்டுக்கு வரலை

முதன்முதலில் அவளைத் திட்டுவதற்காகத்தான் கணினிக் கூடத்துக்குப் போனேன்.

மலேசியாவின் கிள்ளானில் ஓர் இடைநிலைப்பள்ளி. அங்கே கணிதப் பிரிவுக்கு நான் தலைவி. அன்று மேல்மாடியில், பள்ளியின் கடைசி ஆண்டான ஐந்தாம் படிவத்துக்கு இருபடிச் சமன்பாடு நடத்திக்கொண்டிருந்தேன். கீழேயிருந்து கைதட்டலும் சிரிப்பும் வந்தபடியே இருந்தன. என் வகுப்புப் பிள்ளைகளின் காதெல்லாம் ஜன்னல் பக்கம் போய்விட்டது. கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்துவிட்டுக் கீழே இறங்கினேன்.

அவள் வேலைக்கு வந்து இரண்டு வாரம்தான் ஆகியிருந்தது. ஒப்பந்த ஆசிரியை. நான்காம் படிவத்தில் மதிப்பெண் வரிசைப்படி கடைசியான வகுப்புக்குக் கணிதம் எடுக்க ஆள் கிடைக்காமல் தவித்த நேரத்தில் வந்து சேர்ந்தாள். அந்த வகுப்பில் இருபத்திரண்டு பிள்ளைகள். பாதிக்கு மேல் தமிழ்ப்பள்ளியிலிருந்து வந்தவர்கள். மலாய் மொழியில் இருக்கும் கணக்கை வாசித்து முடிப்பதற்குள்ளேயே களைத்துப்போகிறவர்கள். மற்றவர்களுக்கும் கணிதம் என்றால் கசப்புதான். அந்த வகுப்பு இருக்கும் நாளில் எங்களில் பலருக்குக் காலையிலேயே தலைவலி வந்துவிடும்.

கதவைத் திறந்தேன். எல்லாரும் ஒரே ஒரு கணினியைச் சுற்றி நின்றார்கள். திரையில் சின்னதாக ஓர் ஆமைப் படம். முன்னே போ, திரும்பு என்று வரி வரியாகக் கட்டளை எழுதினால் அந்த ஆமை நடந்துபோகும். நடந்த வழியெல்லாம் கோடு விழும். சரவணன் என்ற பையன் அதைச் சதுரம் போட வைக்கப் பார்த்திருக்கிறான். தொண்ணூறு பாகை திரும்பச் சொல்வதற்குப் பதிலாக எண்பது என்று எழுதிவிட்டான். சதுரம் மூடாமல் கோணலாக நின்றது. அவள் முழங்காலில் இரண்டு கைகளையும் ஊன்றிக் குனிந்து, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்துக்கொண்டிருந்தாள். கேலியே இல்லாத சிரிப்பு. சரவணனும் கூடச் சேர்ந்து சிரித்தான்.

"திருத்தாத பாஸ்," என்றாள் அவனிடம். "இன்னும் ஓடட்டும். எங்கதான் போகுதுன்னு பாப்போம்."

ஆமை மேலும் நடந்தது. ஐந்தாவது கோடு, ஆறாவது கோடு. ஒன்பதாவது கோட்டில் புறப்பட்ட இடத்துக்கே வந்து சேர்ந்தது. திரையில் ஒன்பது முனை கொண்ட ஒரு நட்சத்திரம். மறுபடியும் கைதட்டல். ஏன் ஒன்பது, ஏன் எட்டு இல்லை என்று அவள் கேட்டாள். யாருக்கும் தெரியவில்லை. ஆனால் இருபத்திரண்டு பேரும் அதை யோசித்தார்கள். அந்த வகுப்பு ஒன்றை யோசிப்பதை நான் அன்றுதான் பார்த்தேன்.

அப்போதுதான் என்னைக் கவனித்தாள். நிமிர்ந்து, "சாரி அக்கா, சத்தம் ஜாஸ்தி ஆயிடுச்சு. இவன் ஒரு தப்பு பண்ணான். ரொம்ப நல்ல தப்பு," என்றாள்.

நான் முகத்தை இறுக்கி வைத்துக்கொண்டு, சத்தம் குறையட்டும் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

இன்று அவளை நினைத்தால் முதலில் ஞாபகத்துக்கு வருவது அதுதான். தப்பைக் கண்டால் அவளுக்குச் சந்தோஷம். மற்றவர்கள் சம்பளம் வந்த நாளில் எப்படி இருப்பார்களோ, அப்படி. பிள்ளைகளின் தப்பு என்று மட்டும் இல்லை. அவளுடையது, என்னுடையது, பள்ளி முதல்வருடையது, கான்டீன் பலகையில் தப்பாக எழுதிய கறியின் பெயர், எல்லாமே அவளுக்குக் கொண்டாட்டம்.

பிரிக்ஃபீல்ட்ஸிலிருந்து தினமும் கொமுட்டர் ரயிலில் வருவாள். காரில் வரலாமே என்று கேட்டால், ஓட்டுநர் தேர்வில் மூன்று முறை தோற்ற கதையை ஆரம்பித்துவிடுவாள். முதல் முறை ஏற்றத்தில் வண்டி பின்னால் உருண்டது, இரண்டாவது முறை கம்பத்தைச் சாய்த்தது, மூன்றாவது முறை தேர்வு அதிகாரியை ஏற்றாமலே கிளம்பிப்போனது என்று, மற்றவர்கள் தங்கள் பிள்ளைகள் வாங்கிய ஏ-க்களைச் சொல்வதுபோல் வரிசையாகச் சொல்வாள். பருத்த உடம்பு, கழுத்துக்கு மேலே வெட்டிய முடி, காதில் எப்போதும் ஒரு பென்சில். தாத்தா ரயில்வேயில் வேலை பார்த்தவர். மெதடிஸ்ட் குடும்பம். ஞாயிற்றுக்கிழமைகளில் தேவாலயப் பாடகர் குழுவில் பாடுவாள். அந்த வாரம் எந்த இடத்தில் சுதி பிசகினாள் என்பதைத் திங்கட்கிழமை காலை எனக்குப் பாடியே காட்டுவாள்.

இங்கே வருவதற்கு முன் கோலாலம்பூரில் ஒரு பெரிய அலுவலகத்தில் மென்பொருள் எழுதிக்கொண்டிருந்தாள். நல்ல வேலை. அதை ஏன் விட்டாய் என்று நான் பலமுறை கேட்டிருக்கிறேன். ஒவ்வொரு முறையும் வேறு பதில். அதில் ஒன்று மட்டும் உண்மை போலப் பட்டது. "அங்க ஒரு தப்பு வந்தா, யார் பண்ணதுன்னு கண்டுபிடிக்க மீட்டிங் வைப்பாங்க அக்கா. தப்பு என்னான்னு யாருக்கும் அக்கறை இல்ல."

கணினிக் கூடத்தில் இருபது கணினிகள். அதில் பன்னிரண்டுதான் ஓடும். ஒரு கணினிக்கு இரண்டு பேர் என்று உட்கார வைப்பாள். வாரத்தில் இரண்டு கணித வகுப்புகள் அங்கே, மற்றவை வகுப்பறையில். வகுப்பறையிலும் கணினி இருப்பது போலவே நடத்துவாள். கணக்கை வாசித்ததும் யாரும் விடையைச் சொல்லக்கூடாது. ஒன்றுமே தெரியாத ஓர் ஆளுக்குச் சொல்வதுபோல் வரி வரியாக எழுத வேண்டும். கொடுத்தது என்ன, கேட்டது என்ன, முதலில் எதைச் செய்வது, அப்புறம் எதை. எக்ஸைக் கண்டாலே மிரண்ட பிள்ளைகளுக்கு அது பெயர் ஒட்டிய டப்பா ஆகிவிட்டது. உள்ளே எந்த எண்ணைப் போட்டாலும் போடலாம், போட்டு ஓட்டிப் பார்க்கலாம்.

கணினி சிவப்பு எழுத்தில் பிழை காட்டினால் அவள் கேட்கும் கேள்வி ஒன்றுதான். "என்ன சொல்லுது பாஸ்?" எல்லாப் பிள்ளைகளும் அவளுக்கு பாஸ். அவர்கள் அந்தச் சிவப்பு வரியைச் சத்தமாக வாசிக்க வேண்டும். தப்பு எந்த வரியில் இருக்கிறது என்று அவளுக்குத் தெரிந்தாலும் சொல்லமாட்டாள். நாற்காலியை இழுத்துப் போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்து கொள்வாள், படம் பார்க்க வந்தவள் மாதிரி.

கூடத்தின் பின்சுவர் முழுக்க அச்செடுத்து ஒட்டிய தப்புகள். ஒவ்வொன்றின் கீழும் செய்தவர் பெயர். சரவணனின் நட்சத்திரம்தான் முதலில் ஏறியது. பெற்றோர் சந்திப்பு நாளில் ஓர் அம்மா அதைப் பார்த்துக் கோபப்பட்டார். பிள்ளையின் தப்பை இப்படி ஊருக்கே காட்டலாமா என்று கேட்டார். அவள் அவரைச் சுவருக்குப் பக்கத்தில் அழைத்துப்போய், அந்தத் தப்பிலிருந்து அவர் மகன் என்ன கண்டுபிடித்தான் என்று கால் மணி நேரம் சொன்னாள். போகும்போது அந்த அம்மா கைப்பேசியில் அதைப் படம் எடுத்துக்கொண்டு போனார்.

சரவணன் உறுமி மேளக் குழுவில் வாசிக்கிறவன். பத்துமலைக்குத் தைப்பூசத்தில் போகும் குழு. கை சும்மா இருக்காது. மேசையைத் தட்டிக்கொண்டே இருப்பான். அதற்காக நானே அவனைப் பலமுறை வெளியே நிறுத்தியிருக்கிறேன். அவள் அவனை நிறுத்தச் சொல்லவில்லை. கணினியில் இரண்டு ஒலிகள் வைக்கச் சொன்னாள். ஒன்று மூன்று எண்ணிக்கைக்கு ஒரு தடவை, இன்னொன்று நான்குக்கு ஒரு தடவை. இரண்டும் எப்போது ஒன்றாக விழும்? அவன் நிரலை ஓட்டிப் பார்க்கும் முன்பே மேசையில் தட்டிப் பன்னிரண்டு என்று சொல்லிவிட்டான். ஆறும் எட்டும் என்றால்? இருபத்து நான்கு. நாற்பத்தெட்டு என்று சொன்ன பக்கத்துப் பையனிடம், "அதுக்கு முன்னாடியே ஒரு தடவ விழுந்துடும்டா," என்று விளக்கினான். மீச்சிறு பொது மடங்கு என்று நான் மூன்று வருடம் கரும்பலகையில் எழுதிக் காட்டியதைத்தான் அவன் விரல்கள் இத்தனை நாளாகத் தட்டிக்கொண்டிருந்தன. அந்த வாரமே தன் நட்சத்திரத்துக்கு ஏன் ஒன்பது முனை என்பதையும் கண்டுபிடித்தான். எண்பது எண்பதாகத் திரும்பும் ஆமை, முந்நூற்று அறுபது பாகை முழுச் சுற்றுகளோடு ஒன்றாக விழுவது ஒன்பதாவது தட்டில்.

அவளுடைய குணம் எல்லா இடத்திலும் செல்லுபடியாகவில்லை. ஓர் ஆசிரியர் கூட்டத்தில் பள்ளி முதல்வர் திரையில் விழுக்காடுகளைக் காட்டிப் பேசிக்கொண்டிருந்தார். கறாரானவர். அவள் கையைத் தூக்கினாள். எல்லாவற்றையும் கூட்டினால் நூற்று நான்கு வருகிறது என்று மலாயில் உற்சாகமாகச் சொன்னாள். முதல்வர் சந்தோஷப்படுவார் என்று அவள் நிஜமாகவே நினைத்திருக்கிறாள். அவர் அடுத்த படத்துக்குப் போய்விட்டார்.

ஒரு வாரம் கழித்து முதல்வர் என்னை அழைத்தார். கடைசி வகுப்புப் பிள்ளைகள் ஆமை விளையாடுவதாகப் புகார் வந்திருக்கிறது என்றார். அடுத்த ஆண்டு அவர்கள் எஸ்.பி.எம். அரசுத் தேர்வு எழுத வேண்டும். மாதிரித் தேர்வு வரை பார்ப்போம், அதற்குப் பிறகு கணினி வகுப்பை வைத்துக்கொள்வதா, நிறுத்திவிட்டு எல்லாரையும் பயிற்சிப் புத்தகத்தில் உட்கார வைப்பதா என்று கணிதப் பிரிவுத் தலைவியான நானே எழுதிக் கொடுக்க வேண்டும் என்றார். சரி என்றேன். எனக்கும் அப்போது அந்தச் சுவரின் மேல் நம்பிக்கை இல்லை. நேற்று எழுதிய பிழையை இன்று யாருக்கும் தெரியாமல் திருத்திவிட்டு மேலே போகிறவள் நான். அவளோ, அறுகோணத்தின் உட்கோணங்களின் கூட்டுத்தொகையைத் தப்பாகச் சொல்லிவிட்டு, மறுநாள் காலை வகுப்புக்குப் போய், நேற்று நான் ஒரு தப்பு சொன்னேன், யார் கண்டுபிடித்தது என்று கேட்டாள். மூன்று பேர் கை தூக்கினார்களாம். அதை என்னிடம் வந்து பெருமையாகச் சொன்னாள்.

அந்த வகுப்பில் தர்ஷினி என்று ஒரு பெண் இருந்தாள். காப்பாரிலிருந்து வருவாள். அப்பா லோரி ஓட்டுகிறார். மற்றப் பாடங்களில் பரவாயில்லை. கணிதத்தில் மட்டும் தாளில் பெயரை எழுதி, ஒன்றும் எழுதாமல் அப்படியே கொடுத்துவிடுவாள். ஒன்றாம் படிவத்திலிருந்து அப்படித்தான். பூஜ்யத்துக்கு மேல் வாங்கியதில்லை. ஏதோ பிடிவாதம் என்று நாங்கள் விட்டுவிட்டோம்.

கணினிக் கூடத்திலும் முதல் மாதம் கையைக் கட்டிக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தாளாம். பக்கத்துப் பெண் எழுதுவதைப் பார்ப்பாள், அவ்வளவுதான். ஒருநாள் பக்கத்துப் பெண் வரவில்லை. விசைப்பலகை அவள் முன்னால் இருந்தது. வெகு நேரம் கழித்து ஏழெட்டு வரி எழுதி ஓட்டினாள். சிவப்பு எழுத்து வந்ததும் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். டீச்சரான இவள் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து வழக்கமான கேள்வியைக் கேட்டாள். தர்ஷினி முணுமுணுவென்று வாசித்தாள். ஏழாவது வரியில் அடைப்புக்குறியை மூடவில்லை என்று சொல்கிறது என்றாள். மூடினாள், ஓட்டினாள், ஓடியது. அப்புறம் தர்ஷினி சொன்னதை இவள் எனக்கு அப்படியே வந்து சொன்னாள்: "இது திட்டல டீச்சர். எங்க தப்புன்னு மட்டும் சொல்லுது."

இதைச் சொன்ன நாளில்தான் இன்னொன்றையும் சொன்னாள். ஆசிரியர் அறையில் நாங்கள் இருவரும் மட்டும் இருந்தோம். ஒன்றாம் படிவத்தில் ஓர் ஆசிரியை தர்ஷினியின் விடைத்தாளை வகுப்புக்கு முன்னால் தூக்கிக்காட்டி, இப்படி ஒரு விடையை நான் பார்த்ததே இல்லை என்று வாசித்தாராம். வகுப்பே சிரித்ததாம். அன்றிலிருந்து அந்தப் பெண் எழுதுவதை விட்டுவிட்டாள்.

யார் அந்த ஆசிரியை என்று கோபமாகவே கேட்டேன்.

"நீங்கதான் அக்கா," என்றாள்.

அவள் குரலில் குற்றம் சாட்டும் தொனியே இல்லை. ஏழாவது வரியில் அடைப்புக்குறி விட்டுப்போயிருக்கிறது என்று சொல்வது மாதிரி சொன்னாள். எனக்கு அந்தச் சம்பவம் ஞாபகமே இல்லை. அதுதான் இன்னும் சுட்டது. எழுந்து போய்விட்டேன். இரண்டு வாரம் அவளோடு பேசவில்லை. அவள் வழக்கம்போல வந்து எனக்கு முறுக்கு நீட்டினாள். நான் வேண்டாம் என்று தலையசைத்தேன். மறுநாளும் நீட்டினாள்.

பிள்ளைகள் ஐந்தாம் படிவத்துக்குப் போனார்கள். மாதிரித் தேர்வு வந்தது. கேள்வித்தாள் நான் தயாரித்தது. அதில் ஒரு கணக்கு: சரிவக வடிவில் ஒரு தோட்டம். இணையான பக்கங்கள் இரண்டில் ஒன்று இருபது மீட்டர், மற்றது எட்டு மீட்டர். சாய்ந்த பக்கங்கள் இரண்டும் ஐந்து மீட்டர். உயரம் நான்கு மீட்டர். பரப்பளவு என்ன, சுற்றளவு என்ன? இணைப்பக்கங்களைக் கூட்டிப் பாதியாக்கி உயரத்தால் பெருக்கினால் ஐம்பத்தாறு. சுற்றளவு முப்பத்தெட்டு. மூன்று மதிப்பெண். முதல் வகுப்பில் எல்லாரும் சரியாக எழுதியிருந்தார்கள். எல்லாருக்கும் முழு மதிப்பெண் போட்டேன்.

கடைசி வகுப்புத் தாள்களையும் நானே திருத்தினேன். தர்ஷினியின் தாள் வந்தது. முதல் பக்கத்தைத் திருப்பியதும் நிமிர்ந்து உட்கார்ந்தேன். எழுதியிருந்தாள். எல்லாக் கேள்விகளுக்கும் ஏதோ எழுதியிருந்தாள். சில தப்பு, பல சரி. தோட்டக் கணக்குக்கு மட்டும் விடை இல்லை. அந்த இடத்தில் ஒரு படமும், மலாயில் ஒரு வரியும்: இந்த வடிவத்தை மூட முடியாது. பாவம், இங்கே தடுமாறிவிட்டாள் என்று நினைத்துக்கொண்டு சிவப்புப் பேனாவால் பூஜ்யம் போட்டேன்.

தாள்களைத் திருப்பிக் கொடுத்த மறுநாள், இடைவேளை முடிந்த நேரம். ஆசிரியர் அறை வாசலில் தர்ஷினி நின்றாள். கையில் அச்செடுத்த ஒரு தாள். உள்ளே வரச் சொன்னேன். என் மேசைக்கு ஓரடி தள்ளியே நின்றுகொண்டாள்.

"டீச்சர், அந்தத் தோட்டக் கணக்குல ஆமை வீட்டுக்கு வரலை."

விடை எழுதாததால்தான் மதிப்பெண் இல்லை என்றேன். அவள் தாளை மேசையில் வைத்தாள். வரிசை வரிசையாகச் சரிவகங்கள். எதுவுமே மூடவில்லை. ஒவ்வொன்றிலும் நான்காவது பக்கம் மூலைக்கு எட்டாமல் அடிக்கோட்டின் நடுவில் வந்து நின்றது.

"எந்தக் கோணம் வச்சாலும் வரல. ஒண்ணுலேர்ந்து எம்பத்தொம்பது வரைக்கும் ஓட்டிப் பாத்தேன். கோணத்தக் குறைக்கக் குறைக்கக் கிட்ட வருது. கடைசில அப்படியே படுத்துடுது. அப்பவும் ரெண்டு மீட்டர் பத்தல டீச்சர்."

பென்சிலை எடுத்தேன். இருபதில் எட்டு போனால் பன்னிரண்டு. அந்தப் பன்னிரண்டு மீட்டரைச் சாய்ந்த பக்கங்கள் இரண்டும் சேர்ந்து எட்ட வேண்டும். ஐந்தும் ஐந்தும் பத்து. தரையோடு தரையாகப் படுக்க வைத்தாலும் பத்துதான். அப்படி ஒரு தோட்டம் உலகத்தில் எங்கேயும் இருக்க முடியாது. பழைய கேள்வியில் பதினான்கு என்று இருந்தது. பிள்ளைகள் பழைய விடையைப் பார்த்து எழுதிவிடக் கூடாது என்று நான்தான் அதை இருபதாக மாற்றியிருந்தேன். பள்ளியில் மற்றவர்கள் இல்லாத தோட்டத்துக்குப் பரப்பளவு கண்டுபிடித்து எழுதியிருந்தார்கள். நானும் சரி போட்டிருந்தேன்.

பென்சிலைக் கீழே வைத்தேன். இதை உன் கணக்கு டீச்சரிடம் காட்டினாயா என்று கேட்டேன். காட்டினேன், டீச்சர் சிரித்தார்கள், நீயே போய்ச் சொல்லு பாஸ் என்று அனுப்பினார்கள் என்றாள். தேர்வில் விடை எழுதியிருக்கலாமே, சூத்திரம் தெரியாதா என்றேன்.

"தெரியும் டீச்சர். எழுதத்தான் போனேன். ஆனா வரைஞ்சு பாத்தா மூடலையே."

அவளைப் பார்த்தேன். நான்கு வருடம் வெற்றுத்தாள் கொடுத்த பெண், அந்த வெற்றுத்தாளுக்குக் காரணமானவளிடமே வந்து, உன் கேள்வி தப்பு என்று சொல்லிவிட்டு நிற்கிறாள்.

"ஒன்றாம் படிவத்துல உன் தாள எல்லாருக்கும் வாசிச்சுக் காட்டினேன்," என்றேன்.

"ஆமா டீச்சர்."

"அது நான் பண்ண தப்பு."

அவளுக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. சரி டீச்சர் என்று மெதுவாகச் சொன்னாள். அவள் விடைத்தாளைக் கேட்டு வாங்கி, பூஜ்யத்தை அடித்துவிட்டு மூன்று போட்டேன். அவள் வாசலைத் தாண்டும் வரை நடந்தாள். தாண்டியதும் ஓடும் சத்தம் கேட்டது.

அன்று பிற்பகல் நானே கணினிக் கூடத்துக்குப் போனேன். அவள் ஏதோ பாட்டை முனகிக்கொண்டு கம்பிகளைச் சுருட்டிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. நான் ஏதாவது சொல்வதற்கு முன்பே, அக்கா, அந்தக் கேள்விய எனக்குத் தருவீங்களா என்று கேட்டாள். தந்தேன். சரவணனின் நட்சத்திரத்துக்குப் பக்கத்தில் ஒட்டினாள். கீழே என் பெயரை நானே எழுதினேன். நாங்கள் இருவரும் அதைப் பார்த்துக்கொண்டு நின்றோம். எனக்குச் சிரிப்பு வந்தது. பன்னிரண்டு மீட்டர் இடைவெளியில் பத்து மீட்டர் வேலியைப் போட்டுவிட்டு, இருபது வருட அனுபவத்தோடு நான் சிவப்புப் பேனாவைப் பிடித்திருந்ததை நினைத்துச் சிரித்தேன். ஒரு கட்டத்தில் நாற்காலியைப் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது.

திங்கட்கிழமை பள்ளி முழுவதும் கூடும் சபைக்கூடலில், கேள்வி தப்பு என்றும் அதைக் கண்டுபிடித்தது ஐந்தாம் படிவத்தின் கடைசி வகுப்பு மாணவி தர்ஷினி என்றும் சொன்னேன். கடைசி வகுப்பு வரிசையிலிருந்து எழுந்த சத்தத்தை அடக்க ஒழுங்கு ஆசிரியர் இரண்டு முறை விசில் ஊத வேண்டியிருந்தது. அந்த வகுப்பில் முன்பு மூன்று பேர்தான் தேறுவார்கள். மாதிரித் தேர்வில் பதினொரு பேர் தேறியிருந்தார்கள். கணினி வகுப்பைத் தொடரலாம் என்று எழுதி முதல்வரிடம் கொடுத்தேன். அவர் கையெழுத்துப் போட்டார். அப்புறம் கொஞ்சம் தயங்கி, அடுத்த கூட்டத்துக்கான தன் விழுக்காட்டுப் படங்களை அவளிடம் முன்கூட்டியே காட்டிச் சரிபார்த்து வாங்கித் தர முடியுமா என்று கேட்டார்.

எஸ்.பி.எம். முடிந்தது. அவளுடைய ஒப்பந்தமும் முடிந்தது. நீட்டிப்புக்கு எழுதிப் பார்த்தோம், கிடைக்கவில்லை. காஜாங் பக்கம் ஒரு நிறுவனத்தில் வேலை கிடைத்தது என்று போய்விட்டாள். பிரிவு விருந்தில் ஒரு பாட்டுப் பாடினாள். நடுவில் வரி மறந்துபோய், மறந்த இடத்திலிருந்தே மறுபடியும் தொடங்கினாள். எல்லாரும் கூடப் பாடினார்கள்.

தேர்வு முடிவு வந்த காலையில் மண்டபத்தில் நிற்க இடமில்லை. தர்ஷினிக்குக் கணிதத்தில் சி. அவள் அப்பா லோரியைப் பள்ளிக்கு வெளியே நிறுத்திவிட்டு வந்திருந்தார். முடிவுத் தாளை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு, இது எந்தப் பாடம், இது எந்தப் பாடம் என்று ஒவ்வொன்றாக மகளிடம் கேட்டார். கணிதத்துக்கு வந்ததும் மறுபடியும் கேட்டார். அவள் மறுபடியும் சொன்னாள். பள்ளிக் கணக்கில் சி ஒரு பெரிய விஷயமே இல்லை. அந்த மனிதர் அங்கிருந்த எல்லா ஆசிரியர்களிடமும் கைகுலுக்கிவிட்டுத்தான் போனார். சரவணனுக்கு பி. அவன் மண்டபத்துத் தூணில் தாளம் போட்டுக்கொண்டிருந்தான், யாரும் தடுக்கவில்லை.

நான் வராந்தாவுக்கு வந்து அவளுக்குத் தொலைபேசி போட்டேன். பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு பெயராக வாசித்தேன். ஒவ்வொரு பெயருக்கும் அந்தப் பக்கம் ஒரு கூச்சல். அலுவலகத்தில் இருந்தாள் போலிருக்கிறது. யாரோ என்ன ஆச்சு என்று விசாரிப்பது கேட்டது. இருபது பெயர் வாசித்து நிறுத்தினேன்.

"மிச்சம் ரெண்டு பேர், அக்கா?"

தேறவில்லை என்றேன். இரண்டு பையன்கள். இருவருமே மண்டபத்துக்கு வராமல் வீட்டிலேயே இருந்துவிட்டார்கள். அவள் அவர்களுடைய எண்களை அனுப்பச் சொன்னாள். மறுதேர்வுக்கு இன்னும் நாள் இருக்கிறது, சனிக்கிழமை காலையில் கிள்ளானுக்கு வருகிறேன், ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் உட்கார ஒரு இடம் பாருங்கள் என்றாள். பள்ளியில் அனுமதி வாங்க நாளாகும் என்பதால், நிலையத்தை ஒட்டியிருந்த ஒரு சாப்பாட்டுக் கடையில் நானே சொல்லிவைத்தேன். மூன்று பேருக்கு ஒரு மேசை, மின்சாரம் எடுக்க ஒரு பிளக்.

சனிக்கிழமை பத்து மணிக்கு நான் போனபோது அவள் மடிக்கணினியைத் திறந்து வைத்து உட்கார்ந்திருந்தாள். அந்த இரண்டு பையன்களும் வாசலில் தயங்கி நின்றார்கள். அவர்களுக்குப் பின்னால் இன்னும் சிலர். மூவர் பக்கத்துப் பள்ளி, நால்வர் காப்பார், ஒரு பெண் தன் தங்கையையும் கூட்டிக்கொண்டு வந்திருந்தாள். எண்ணிப் பார்த்தேன், பதினொரு பேர். மூத்த பையன் தலையைச் சொறிந்துகொண்டு, இவங்களும் கணக்குல பெயில் டீச்சர், வரலாமான்னு கேட்டாங்க என்றான்.

அவள் எழுந்து நின்றாள். அந்தப் பதினொரு பேரையும் ஒரு தடவை பார்த்தாள். விருந்தாளிகள் வந்த வீட்டுக்காரி மாதிரி முகம் நிறைந்துபோயிற்று.

"அண்ணே, இன்னும் ரெண்டு மேச சேத்துக்கலாமா?" என்று கடைக்காரரிடம் கேட்டாள்.

அவர் மேசைகளை இழுத்துப் போட்டார். கல்லாவுக்குப் பின்னாலிருந்து நீளமான ஒயர் ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தார். அவள் முதல் மேசையில் நான்கு பேரை உட்கார வைத்தாள், இரண்டாவது மேசையில் நான்கு பேரை. மூன்றாவது மேசையில் மூன்று பேர், முன்னால் ஒரு வெள்ளைத்தாளும் பென்சிலும் வைத்துக்கொண்டு, யார் வருவார்கள் என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் கைப்பையைக் கீழே வைத்துவிட்டு, நாற்காலி ஒன்றை இழுத்துக்கொண்டு அங்கே போய் உட்கார்ந்தேன்.